நீ படி, நான் நிறுத்துறேன்

பிப்ரவரி 8

கட்டெறும்பு,

உன்னை இப்படிக் கூப்பிட்டு நாலு மாதம் ஆகிறது. போனில் கூப்பிடலாம் என்றால் நீ எடுப்பதில்லை. மணி அடித்து ஓய்ந்ததும் ஒரு பெண் வந்து, நீங்கள் அழைக்கும் நபர் பதில் அளிக்கவில்லை என்கிறாள். அவளாவது என்னிடம் பேசுகிறாளே என்று முழுசும் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன். கடிதம் என்றால் எடுக்காமல் இருக்க முடியாது பார். கதவுக்கு அடியில் வந்து விழுந்து கிடக்கும். காலில் மிதிபடுகிறதே என்றாவது குனிந்து எடுப்பாய்.

நான் வேலைக்குப் போகிறேன். தையல் கம்பெனியில் அதே இடம், ஜன்னலுக்கு எதிரே அதே மேஜை. சட்டையை உள்பக்கம் திருப்பி, தையல் ஓரத்தில் தொங்குகிற பிசிறு நூலை எல்லாம் வெட்ட வேண்டும். முதல் மாதம் கை ஓடவில்லை. நூலுக்குப் பதில் துணியை வெட்டிவிட்டேன், இரண்டு தடவை. சூப்பர்வைசர் அம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிற மாதிரி.

அப்பா ஓட்டின கம்பெனி பஸ் காலையில் ஆறு இருபதுக்குத் தெருமுனைக்கு வருகிறது. புது டிரைவர் ஹாரன் அடிக்கிறான். அப்பா இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட நம் தெருவில் ஹாரன் அடித்ததில்லை. "தூங்குறவங்க என்ன பாவம் பண்ணாங்க" என்பார். இவன் அடிக்கிற அடியில் தூக்கிவாரிப் போடுகிறது. பிறகு, எழுந்து யாருக்கு டீ போடுவது என்று படுத்தே கிடக்கிறேன்.

குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. அப்பா கட்டிவைத்த ரப்பர் துண்டு தளர்ந்துவிட்டது. அவிழ்த்துத் திருப்பிக் கட்ட மனசு வரவில்லை. அது அவர் போட்ட முடிச்சு. வாளியை வைத்திருக்கிறேன்.

அப்பா காரியத்துக்கு நீ வந்து நாலு நாள் இருந்தாய். நாலு நாளும் என்னிடம் பேசியதை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிளம்புகிற அன்றைக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டாய், "காலைலேர்ந்து அவருக்கு ஒண்ணுமே பண்ணலையாம்மா?" என்று. இல்லை, திடீரென்று ஆகிவிட்டது என்றேன். அப்போது என் முகத்தை ஒரு பார்வை பார்த்தாய். நோயாளி காய்ச்சல் இல்லை என்று சொன்னால் நம்பாமல் பார்ப்பாயே, அந்தப் பார்வை. அதற்குப் பிறகுதான் போன் நின்றது.

டியூட்டி முடிந்து வந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. ஒரு வார்த்தை எழுது. கோபமாகவாவது எழுது.

உன் அம்மா

*

பிப்ரவரி 21

அம்மா,

கடிதம் வந்தது. யாரிடம் சொல்லி எழுதினாய்? எதிர் வீட்டு டியூஷன் அக்காவா? நம் வீட்டு விஷயத்தை இன்னொருவர் கையால் எழுத வைக்காதே. எனக்கு வேண்டியதை நான் எப்படிக் கேட்பேன், அவர்கள் படித்துக் காட்டுவார்கள் என்று தெரிந்துகொண்டு?

இருந்தாலும் கேட்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்ப இருந்த அந்தக் கடைசி நாள். எட்டு மணிக்கு லாட்ஜை விட்டுக் கிளம்பியதாகச் சொன்னாய். ஆற்றோரமாக வருகிற அந்த ரோடு நல்ல ரோடு. மேப்பில் பார்த்தேன், எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பதினொன்றே முக்காலுக்குக் கார் நின்ற இடம் லாட்ஜிலிருந்து ஐம்பது கிலோமீட்டர்தான். ஐம்பது கிலோமீட்டருக்கு நாலு மணி நேரமா? அப்பா ஓட்டியா?

வழியில் எங்கே நின்றீர்கள், எதற்கு நின்றீர்கள், அப்பா முகம் எப்படி இருந்தது, வியர்த்ததா, கையைத் தடவிக்கொண்டாரா? நான் நர்ஸ் அம்மா. திடீரென்று என்பதை நான் தினமும் கேட்கிறேன். அதற்கு முன்னால் எப்போதும் ஏதாவது இருக்கும்.

குழாய்க்கு ஆள் கூப்பிடு.

மகள்

*

மார்ச் 4

கட்டெறும்பு,

டியூஷன் அக்கா இல்லை. இது என் கைதான். எழுத்து கோணலாக இருக்கிறதே, அதைப் பார்த்தாவது தெரிய வேண்டாமா? அந்த அக்கா அச்சு அடித்த மாதிரி எழுதுவாள். நம்பவில்லை என்றால் இதோ பார், ழ போடும்போது எனக்கு வால் எந்தப் பக்கம் என்று எப்போதும் ஒரு சந்தேகம், அதனால் அழுத்தி எழுதியிருப்பேன்.

மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், உனக்குத் தெரியும். எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்க வராது. படிக்கிற அவசியமும் வந்ததில்லை. எல்லா இடத்திலும் ஒரு படம் போட்டு வைக்கிறார்கள், அதை வைத்தே காலம் ஓடிவிட்டது. அப்பாதான் அந்தக் கார்ப் பயணத்தில் படி படி என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

இருபத்தாறு வருஷம் ஒரே ரோட்டில் போய் ஒரே ரோட்டில் திரும்பின மனுஷன். ரிட்டயர் ஆனதும் மெக்கானிக்கின் பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். "போன வழியா திரும்பி வராத மாதிரி ஒரு ரோட்டுல போவோம் வா" என்றார். ஒன்பது நாள். முதல் நாளே, ஊரைத் தாண்டினதும் ஒரு போர்டு வந்தது. "அது என்ன போட்டிருக்கு?" என்றார். "உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே டிரைவர்?" என்றேன். "எனக்கு ரோட்டப் பாக்கணும். நீ படி, நான் நிறுத்துறேன்." அப்படியே ஓரம் கட்டிவிட்டார். பின்னால் வந்த கார்க்காரன் திட்டிக்கொண்டே போனான். மூன்று எழுத்தைச் சேர்க்க எனக்கு அத்தனை நேரம் ஆனது. மறுநாளிலிருந்து என் பெயரே ஒண்ணாங்கிளாஸ். "ஒண்ணாங்கிளாஸ், டீ குடிக்கிறியா? ஒண்ணாங்கிளாஸ், கண்ணாடிய ஏத்து, குளிருது."

ஒரு இடத்தில் பள்ளிப் பகுதி என்று போட்டிருந்தது. நான் பல்லி என்று படித்துவிட்டு, "பல்லிக்கு எதுக்குங்க ரோட்டுல போர்டு?" என்று கேட்டுவிட்டேன். மனுஷன் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அதற்கப்புறம் எங்கே பள்ளிக்கூடம் வந்தாலும் வேகத்தைக் குறைத்து, "பாத்துப் போவோம், வால் மாட்டிக்கும்" என்பார்.

எத்தனை அழகு தெரியுமா அந்த ஒன்பது நாளும். ஒரு ஏரி, முழுக்க மேகம் அதற்குள் கிடந்தது. ஒரு மலைச்சரிவில் ஆட்டு மந்தை ரோட்டைக் கடக்கிற வரைக்கும் அரை மணி நேரம் என்ஜினை உறும விட்டுக்கொண்டு நின்றோம். அப்பா எந்த இடத்திலும் என்ஜினை நிறுத்த மாட்டார், பஸ் பழக்கம். ஊர் வந்து வேலைக்குப் போனால் கம்பெனி வாசலில் "கைப்பேசி பயன்படுத்தக் கூடாது" என்று போட்டிருக்கிறது! பன்னிரண்டு வருஷமாக அதற்குக் கீழே நின்றுகொண்டுதான் உன்னோடு பேசியிருக்கிறேன்.

அவர் போன பிறகு, தினமும் ஒரு பக்கம் எழுதிப் பழகினேன். உனக்கு எழுதத்தான்.

அந்தக் கடைசி நாள் நிறைய இடத்தில் நின்றோம். பார்க்க அழகாக இருந்தது. அதனால்தான் நேரம் ஆனது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

குழாய்க்காரன் வருகிறேன் என்றான், வரவில்லை.

உன் அம்மா

*

மார்ச் 17

அம்மா,

உன் கையெழுத்து என்று தெரிந்ததும் அழுதேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நீ மூன்று பக்கம் எழுதி எட்டு நாளைச் சொன்னாய். ஒன்பதாவது நாளுக்கு மூன்று வரி. எனக்கு அந்த நாள்தான் வேண்டும். ஏன் என்று இப்போது சொல்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பதினொன்று பத்துக்கு அப்பா என்னைக் கூப்பிட்டார். நான் பிரசவ வார்டில் கையுறையோடு நின்றேன், எடுக்க முடியவில்லை. அதுகூடப் பரவாயில்லை. பதினொன்றரைக்குக் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன், அப்பா என்று தெரிந்தது. அப்போதே கூப்பிட்டிருக்கலாம். டீ குடிக்கப் போனேன் அம்மா. "ஏதாவது மாட்டைக் காட்டக் கூப்பிட்டிருப்பார்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிச் சிரித்தேன். பன்னிரண்டரைக்குத் திருப்பிக் கூப்பிட்டபோது யாரோ ஒரு ஆள் எடுத்து, "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றார்.

நான் உன் போனை எடுக்காததற்கு உன் மேல் உள்ள கோபம் மட்டும் காரணம் இல்லை. போன் அடித்தாலே கை நடுங்குகிறது. போன மாதம் ஒரு குழந்தையை வாங்கும்போது நடுங்கியது. டாக்டர் பார்த்துவிட்டார். என்னை வார்டை விட்டு எடுத்து, ஸ்டோர் ரூமில் பஞ்சும் துணியும் அடுக்க விட்டிருக்கிறார்கள். இனி வார்டுக்குப் போவேனா என்று தெரியவில்லை.

வலி தாங்காமல்தான் என்னைக் கூப்பிட்டாரா? நான் எடுத்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பேன், எங்கேயும் நிற்காதே, ஆஸ்பத்திரிக்குப் போ என்று. நான் எடுக்காததால்தான் போனாரா? இது தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. தெரிந்தாலும் இருக்க முடியுமா என்று தெரியவில்லை. உண்மையை எழுது. நீ எழுதுவதை நான் நம்புவேன், அதனால் பொய் எழுதாதே.

மகள்

*

மார்ச் 24

என் கண்ணே,

உன்மேல் ஒரு தப்பும் இல்லை. அப்பா மஞ்சள் பூ வயலைக் காட்டத்தான் கூப்பிட்டார். கண்ணுக்கு எட்டின வரைக்கும் மஞ்சள். சிரித்துக்கொண்டேதான் இருந்தார். வலி என்று ஒன்றும் இல்லை. எல்லாம் அதற்குப் பிறகுதான், ஒரு நொடியில். இதை மனசில் வைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. வார்டுக்குப் போ.

உன் அம்மா

*

மார்ச் 25

கட்டெறும்பு,

நேற்றுப் போட்ட கடிதம் முதலில் வரும். அதைக் கிழித்துப் போடு. தபால்காரரிடம் போய்த் திருப்பிக் கேட்டேன், பெட்டிக்குள் போட்டால் போட்டதுதானாம். மஞ்சள் வயல் உண்மை. சிரித்தார் என்றது பொய்.

இதை எழுதினால் நீ எனக்கு இல்லாமல் போவாய் என்று தெரியும். அதற்குப் பயந்துதான் டாக்டரிடமும் உன்னிடமும் திடீரென்று என்று சொன்னேன். என் தப்பை நான் ஒளித்து வைத்தேன், அது உன் தலையில் போய் உட்கார்ந்திருக்கிறது. உன் கை நடுங்குகிறது என்று படித்தபோது, என் கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கேள். லாட்ஜில் எழுந்ததிலிருந்தே அவர் சரியில்லை. பல் தேய்த்துவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார், திரும்பப் படுத்தார். சாப்பிடவில்லை. "வாயு" என்றார். சட்டைப் பொத்தான் போட அத்தனை நேரம் ஆனது. காரில் ஏறினதும், "என்னங்க, முகம் வெளுத்திருக்கு?" என்றேன்.

"வெயில்."

"வெயில்ல கறுக்கத்தானே செய்யும்?"

"எனக்கு வெளுக்கும். உனக்கென்ன, முன்னாடி பாத்து வா. இன்னைக்குப் பரீட்சை."

நான் அதை நம்பினேன். மற்ற நாளெல்லாம் நாலு போர்டு, அஞ்சு போர்டு. அன்றைக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் நிறுத்தினார். பாலம், வளைவு, மாடு கடக்கும் இடம், எது வந்தாலும் நிறுத்து, படி, படி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் எழுத்துக் கூட்டுகிற நேரமெல்லாம் அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கவனமாகக் கேட்கிறார் என்று நினைத்தேன். மூச்சு வாங்க நின்றிருக்கிறார், கண்ணே. உன் நாலு மணி நேரத்துக்குக் கணக்கு இதுதான். ஒவ்வொரு போர்டும் அவருக்கு ஒரு மூச்சு. நான் சீக்கிரம் படித்துவிட்டு, "போலாங்க, போலாங்க" என்று அவசரப்படுத்தினேன்.

வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். அவரா சொல்வார்? "டிரைவர் மூஞ்சி மாறினா பின்னாடி நாப்பது மூஞ்சி மாறும்" என்று சொல்லிச் சொல்லியே இருபத்தாறு வருஷம் ஓட்டினவர். அன்றைக்கு வண்டியில் நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்கும் அந்த முகத்தைத்தான் காட்டினார்.

பத்து மணி இருக்கும். இடது பக்கம் ஒரு ரோடு பிரிந்தது. முனையில் ஒரு நீல போர்டு. அப்பா நிறுத்தினார். அதோடு விடவில்லை, என்ஜினையும் நிறுத்தினார். நிறுத்தினதும் ஆற்றுச் சத்தம் கேட்டது, அதுவரைக்கும் கேட்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "இதப் படி" என்றார். "நல்லாப் படி."

நான் படித்தேன். ம. ரு. த். து. வ. ம. னை. நீளமான சொல், அதுவரைக்கும் அத்தனை நீளத்தை நான் ஒரே மூச்சில் படித்ததில்லை. மருத்துவமனை, இரண்டு கிலோமீட்டர். ஒரு தப்பு இல்லை. கையைத் தட்டினேன். சின்னப் பிள்ளை மாதிரி, சீட்டில் உட்கார்ந்துகொண்டு, நானே எனக்குக் கை தட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நான் வாயெல்லாம் பல்லாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு "பாஸ்" என்றார். சாவியைத் திருப்பினார். நேராகப் போனோம்.

அந்த போர்டில் எழுத்துக்குப் பக்கத்தில் பெரிசாகச் சிவப்பில் கூட்டல் குறி போட்டிருந்தது. அதைப் பிறகு, அவரைப் பின் சீட்டில் படுக்கவைத்து யாரோ ஓட்டிக்கொண்டு திரும்பி வந்தபோதுதான் பார்த்தேன். அங்கேதான் கொண்டுபோனார்கள், அந்த இரண்டு கிலோமீட்டருக்குத்தான். பத்து நாளைக்கு முன்னால் இருந்த நானாக இருந்தால், எழுத்தைப் பார்த்திருக்கவே மாட்டேன். சிவப்பைத்தான் பார்த்திருப்பேன். "என்னங்க, ஆஸ்பத்திரி, ஏன் இங்க நிறுத்துறீங்க? உடம்புக்கு என்ன?" என்று கேட்டிருப்பேன். படிக்கத் தெரியாதவளுக்கு அது தெரிந்திருக்கும். படிக்கத் தெரிந்ததனால் சொல்லைப் படித்ததோடு விட்டுவிட்டேன்.

உன்னைக் கூப்பிட்டது இதற்குப் பிறகு, ஒரு மணி நேரம் கழித்து. மஞ்சள் வயல் பக்கம் இறங்கி நின்று போனைக் காதில் வைத்திருந்தார். எதற்குக் கூப்பிட்டார் என்று சொல்லவில்லை. திரும்பி வந்து, "ஒரு புள்ள வெளிய வர்ற நேரமா இருக்கும், பாவம், அவ என்ன பண்ணுவா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இது பொய் இல்லை, உன்மேல் ஆணை.

பதினொன்றே முக்காலுக்கு ஓரம் கட்டினார். ஒழுங்காகக் கட்டினார். இண்டிகேட்டர் போட்டார், ஹேண்ட்பிரேக் போட்டார். முன்னால் ஒரு போர்டு இருந்தது. படிக்கத்தான் நிறுத்தினார் என்று நான் படிக்க ஆரம்பித்தேன். பாலம் குறுகியது, மெதுவாகச் செல்லவும். அவர் சரி என்று சொல்லவில்லை. தப்பாகப் படித்துவிட்டேனோ என்று இன்னொரு தரம் படித்தேன், சத்தமாக. இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

ஆகவே நீ இல்லை. நீ டீ குடிக்கப் போகிறதற்கு எத்தனையோ முன்னால், பத்து மணிக்கே, நான் கையைத் தட்டி அவரை அனுப்பிவிட்டேன். நீ போய் வார்டில் கேள், என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று. என்னைப் பார்க்க வேண்டாம் என்றால் வராதே. போன் எடுக்க வேண்டாம். ஆனால் அந்தக் கையைக் குழந்தைகளிடமிருந்து எடுத்துவிடாதே.

எனக்கு ஒன்று மட்டும் சொல்லு. பத்து மணிக்குக் கொண்டுபோயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்குத் தெரியும், அதை நான் கேட்கவில்லை. நான் கேட்பது வேறு. வாய் விட்டு ஒன்றும் கேட்காத மனுஷன் அவர், நீயும் அவரை மாதிரிதான், அதனால் உன்னிடம் கேட்கிறேன். படுத்தாலும் எழுந்தாலும் அந்த முகம்தான் நிற்கிறது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த முகம். "நல்லாப் படி" என்று என்ஜினை நிறுத்திவிட்டுச் சொன்னாரே, அது எனக்குப் பாடமா கண்ணே, இல்லை, வண்டியைத் திருப்பச் சொல்லு என்று அவர் என்னைக் கேட்டதா?

உன் அம்மா